பொறியியல் ஆய்வும் ஆசிரியப் பணியும்: தலித் மாணவர்களுக்கு ஒரு வழிக்குறிப்பு

உயர்கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிக்கான 2019ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் வருவதற்குச் சற்று முன்னர், ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கை வைத்தது. நாட்டின் 23 ஐ.ஐ.டி.களில் பணியாற்றிய 6,043 ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் 149 பேர். பழங்குடியினர் 21 பேர். இரண்டையும் கூட்டினாலும் நூற்றுக்கு மூவர்கூடத் தேறவில்லை. அதே நிறுவனங்களின் இளநிலை வகுப்புகளில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடம் உண்டு. 2015 முதல் 2019 வரை முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த ஏறத்தாழ 25,000 பேரில் இவ்விரு பிரிவினரின் பங்கு முறையே 9.1, 2.1 விழுக்காடு. படிக்கு ஒரு பங்காக நம்மவர் கரைந்துகொண்டே போகிறார்கள்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இளநிலைச் சேர்க்கை தரவரிசைப் பட்டியலால் நடக்கிறது. பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; கணினி இடத்தை நிரப்பிவிடும். முனைவர் பட்டச் சேர்க்கையிலிருந்து மேலே உள்ள ஒவ்வொரு கதவையும் மூடிய அறைக்குள் ஐந்தாறு பேர் அமர்ந்து திறக்கிறார்கள் அல்லது திறக்க மறுக்கிறார்கள். அந்த அறைக்குரிய வழக்கங்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளை அவற்றை இரவு உணவின்போது கேட்டே கற்றுக்கொள்கிறது. 'தகுதி' என்ற சொல் ஒரு சாதிச் சொத்தாக எப்படி உருமாறியது என்பதை, சென்னை ஐ.ஐ.டி.யை முன்வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூல் விரிவாக ஆராய்கிறது. கோட்பாட்டை அங்கே படித்துக்கொள்ளலாம். நாம் இங்கே பேச விரும்புவது அதைவிட எளிய ஒன்று. முதல் தலைமுறையாகப் பொறியியல் ஆய்வுக்குள் நுழையும் ஒருவருக்கு எந்த இடத்தில் எந்தச் செய்தி தெரியாமல் போவதால் காலம் வீணாகிறது என்பதையே வரிசையாக எழுதிப்பார்க்கிறோம்.

கேட் தேர்வும் வீட்டுக் கணக்கும்

முதுகலைப் பொறியியலுக்கான வாயில் கேட் தேர்வு. இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.களும் முறைவைத்து இதை நடத்துகின்றன. மதிப்பெண் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணம் பாதி. தேர்ச்சிக்கான மதிப்பெண், பொதுப்பிரிவுக்கு வகுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு. தேர்ச்சி பெற்று முதுகலையில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

நம் மாணவர்களில் பலர் சறுக்குவது தேர்வில் அன்று, தேர்வுக்குப் பிறகு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வைப்போல் இதுவும் ஒற்றைச் சாளரம் என்று எண்ணிக் காத்திருந்துவிடுகிறார்கள். என்.ஐ.டி.களுக்கு 'சி.சி.எம்.டி.' என்ற பொதுக் கலந்தாய்வு உண்டு. ஐ.ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பித்திருக்க வேண்டும். அவை அளிக்கும் இடத்தை ஏற்பதும் மறுப்பதும் மட்டுமே 'கோப்' என்ற பொதுத்தளத்தில் நடக்கும். விண்ணப்பிக்காதவருக்கு எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் இருந்தும் பயனில்லை. கெடு நாள்கள் நம்மீது காட்டும் இரக்கம் எவ்வளவு என்பதற்கு 2024இல் உச்ச நீதிமன்றம் வரை போன இளநிலைச் சேர்க்கை வழக்கே சான்று. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் கிடைத்த இடத்துக்கு 17,500 ரூபாயை உரிய நேரத்துக்குள் கட்ட இயலாமல் இடத்தை இழந்தார். அவ்வாண்டுச் சேர்க்கைத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியதால் சென்னை உயர் நீதிமன்றக் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. செப்டம்பர் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. எல்லோருக்கும் உச்ச நீதிமன்றம் வாய்க்காது. விண்ணப்ப மாதங்களில் இருபதாயிரம் ரூபாயை எவர் கையிலாவது திரட்டி வைத்திருப்பது, ஒரு மாணவர் அமைப்பு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளுள் ஒன்று.

வீட்டுக் கணக்கையும் மறைக்காமல் பேசிவிட வேண்டும். கல்விக்கடன், தங்கை படிப்பு, ஓட்டு வீட்டின் ஒழுகல் என்றிருக்கும் குடும்பத்தில் 12,400 ரூபாயோடு இரண்டாண்டும், அதன்பின் ஐந்தாண்டு ஆய்வும் என்பது எளிதில் சொல்லிவிடக்கூடிய முடிவன்று. வேலைக்குப் போகிறவரை இலட்சியத்தைக் கைவிட்டவர் என்று பேசும் தோழர்கள் தங்கள் வீட்டில் அடுப்பெரிவதற்கு யார் பணம் தருகிறார்கள் என்பதையும் எண்ணிப்பார்க்கலாம். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும் என்பதால், இரண்டாண்டு வேலை செய்து கடனைக் குறைத்துவிட்டு வருவதற்கு வழியிருக்கிறது. பொறியியல் கல்லூரியில் ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவருக்கு, ஊதியத்தோடு விடுப்பில் சென்று உயர் நிறுவனங்களில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க 'கியூ.ஐ.பி.' என்ற தர மேம்பாட்டுத் திட்டம் 1970 முதலே இருந்துவருகிறது. தனியார் கல்லூரி நிருவாகங்கள் இதைப் பற்றித் தம் ஆசிரியர்களிடம் தாமாகப் பேசுவதில்லை.

நெறியாளர்

முனைவர் பட்ட ஆய்வில் நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளரின் பெயரே நம் வாழ்வை முடிவுசெய்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வுக்காலம் குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு நீளலாம். ஐ.ஐ.டி.கள் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்கின்றன. விதி எதுவாயினும், நான்கரை ஆண்டில் முடிப்பதும் எட்டாண்டு இழுபடுவதும் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் கையில் இருக்கிறது. ஆதலால் அவரைப் பற்றி விசாரிப்பது மரியாதைக் குறைவாகாது. பெண் கொடுப்பதற்கு முன் ஊரெல்லாம் விசாரிக்கும் சமூகம் நாம். ஐந்தாறு ஆண்டு உழைப்பை ஒப்படைக்கும் இடத்தில் மட்டும் கூச்சம் எதற்கு?

விசாரிக்க நல்ல வழி ஒன்று உண்டு. முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல 'சோத்கங்கா' என்ற மின்களஞ்சியத்தில் பொதுவில் கிடைக்கின்றன. அங்கே இல்லாதவை அந்தந்த நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கும். அந்த நெறியாளரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை எடுத்து, பதிவுசெய்த ஆண்டையும் அளித்த ஆண்டையும் கழித்துப்பார்த்தால் சராசரி தெரிந்துவிடும். நன்றியுரைப் பக்கத்தையும் படிக்க வேண்டும். நெறியாளருக்கு இரண்டு வரியும், ஆய்வகத் தொழில்நுட்பருக்கும் மூத்த மாணவருக்கும் இரண்டு பத்தியும் எழுதப்பட்டிருந்தால், அங்கே உண்மையில் வழிகாட்டியவர் யார் என்பது புலப்படும். கட்டுரைகளில் முதல் ஆசிரியராக மாணவர் பெயர் வருகிறதா, சேர்ந்தவர்களில் எத்தனைபேர் இடையில் நின்றார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் ஆகியவற்றை அந்த ஆய்வகத்தில் இப்போது படிக்கும் இருவரிடமாவது, ஆய்வகத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் வைத்துக் கேட்க வேண்டும். ஆய்வகத்துக்குள் யாரும் உண்மை பேசுவதில்லை.

சாதியைப் பற்றி நேராகக் கேட்க முடியாது. ஆனால் சில குறிகள் உண்டு. அந்த நெறியாளரிடம் இதற்குமுன் ஒதுக்கீட்டில் வந்த மாணவர் எவரேனும் முடித்திருக்கிறாரா என்பது ஒன்று. முதல் சந்திப்பிலேயே நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்கிறாரா என்பது மற்றொன்று. தரவரிசையைக் கேட்பது பல இடங்களில் சாதியைக் கேட்பதற்கான இடக்கரடக்கல். 2023 பிப்ரவரியில் மும்பை ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் முதலாண்டு தலித் மாணவர் ஒருவரின் உயிர் பறிபோன பின்னர், அந்நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளில், மாணவர்கள் ஒருவரையொருவர் நுழைவுத்தேர்வுத் தரவரிசையோ கேட் மதிப்பெண்ணோ கேட்கலாகாது என்று எழுத வேண்டியிருந்தது. எழுதப்பட்டது நன்று. அந்நெறிமுறை மாணவர்களை நோக்கியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு நெறியாளர் சரியில்லை என்று தெரிந்தால், முதல் ஆண்டிற்குள் மாற்றிக்கொள்வதே உசிதம். முழுமைத் தேர்வுக்குப் பின் மாற்றினால் பெரும்பாலும் தலைப்பும் மாறும். இரண்டாண்டு உழைப்பு பழங்கணக்காகிவிடும். ஆய்வுக்குழுக் கூட்டம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டுமெனில் அதை நாமே நினைவூட்டி நடத்திக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பேசியதைச் சுருக்கி அன்றே எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். நான்காம் ஆண்டில் 'இந்தப் பணி போதாது' என்று ஒருவர் சொல்லும்போது, இரண்டாம் ஆண்டில் அவரே ஒப்புக்கொண்டதைக் காட்ட அந்த மின்னஞ்சல் ஒன்றுதான் இருக்கும்.

தலைப்பும் கருவியும்

பொறியியலில் தலைப்பு என்பது பாதி அறிவு, பாதி கருவி. கற்காரை பற்றி ஆய்பவருக்கு ஒரு கலவையின் வலிமை தெரிய 28 நாள் பதப்படுத்த வேண்டும். கலவை தவறினால் ஒரு மாதம் போயிற்று. மின்னணுச் சில்லு வடிவமைப்பவர், வார்ப்பகத்துக்கு அனுப்பும் நாளைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கருவியை நம்பித் தொடங்கிய ஆய்வு, கொள்முதல் கோப்பு நகரும் வேகத்தில்தான் நகரும். வீட்டிலிருந்து பணம் வரவழைத்து ஆறாம் ஏழாம் ஆண்டைத் தாங்கக்கூடியவர் இத்தகைய தாமதங்களைப் பொறுத்துக்கொள்வார். நம்மால் முடியாது. ஆகவே, ஆய்வகம் மூடிக்கிடந்தாலும் கணினியில் கணக்கிட்டோ, பொதுவில் கிடைக்கும் தரவைக் கொண்டோ முன்னேறக்கூடிய ஓர் இயலையாவது தலைப்பிற்குள் முதலிலேயே அமைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தலித் ஆய்வாளர் எதை ஆய வேண்டும் என்ற கேள்வி நம் வட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடைவிதித்து மறுவாழ்வை வலியுறுத்தும் சட்டம் 2013இல் வந்த பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் மனிதர்கள் இறக்கும் நாட்டில், அத்தொட்டிகளைத் தூய்மைசெய்ய எந்திரம் கண்டுபிடிப்பது பொறியியலின் தலையாய பணிகளுள் ஒன்று. கேரளத்தின் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' எந்திரமும், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி சபாய் கர்மசாரி ஆந்தோலன் துணையோடு தமிழகத்தில் பயன்பாட்டுக்கு வந்த 'ஹோமோசெப்' எந்திரமும் அவ்வழியில் வந்தவை. இத்துறைக்கு நம் பிள்ளைகள் வருவதை வரவேற்கிறோம். ஆனால் வந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பதை ஏற்க முடியாது. ஒருவர் குவாண்டம் கருவிகளையோ விமான இறக்கையின்மீது காற்றோட்டத்தையோ ஆய விரும்பினால், 'சமூகத்துக்கு என்ன பயன்' என்று அவரை மட்டும் நிறுத்திக் கேட்பது நியாயமாகாது. சாக்கடையை நமக்கு ஒதுக்கியது சாதி. ஆய்வுத் தலைப்பிலும் அதையே ஒதுக்கினால் வேறுபாடு என்ன? அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம், நீர்வழிகள், மின்னாற்றல் என்று நாட்டின் பெரும் பொறியியல் கேள்விகளில் கைவைத்தார் என்பதை நினைவில் கொள்ளலாம்.

உதவித்தொகை

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் முதுநிலையில் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்கு என வகுக்கப்பட்டது. ஆனால் தேர்வு 'நெட்' மதிப்பெண்ணை ஒட்டியே நடக்கிறது. பொறியியல் பட்டதாரி எழுதுவது கேட். பெரும்பாலான பொறியியல் துறைகளுக்கு நெட்டில் தாளே இல்லை. ஆதலால் நமக்கென்று வகுத்த திட்டம், நம்மில் பொறியியல் படிப்போரைப் பெரிதும் வெளியே நிறுத்துகிறது. இதை முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக மாணவர் அமைப்புகள் கையிலெடுக்காதது நமக்கு வியப்பளிக்கிறது. தமிழ்நாட்டு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தருகிறது. அயல்நாடு செல்வோருக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டமும் உள்ளன.

இரண்டு எச்சரிக்கைகள். ஆய்வுத்திட்ட நிதியிலிருந்து வரும் உதவித்தொகை அத்திட்டம் முடியும் நாளில் நின்றுவிடும். நிறுவனமே தரும் உதவித்தொகை நெறியாளரின் நிதி தீர்ந்தாலும் நிற்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் பின்னதையே கொள்க. அரசு உதவித்தொகைகள் மாதக்கணக்கில் தாமதமாகின்றன. ஆறு மாத உணவுச் செலவைக் கைவசம் வைத்துக்கொள்ளாமல் இவற்றை மட்டும் நம்பிக் களமிறங்குவது ஆபத்து.

எழுத்தும் அதன்மேல் வரும் பழியும்

2018 ஜனவரியில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் விண்வெளிப் பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த தலித் ஆசிரியர் ஒருவர், சில நாள்களுக்குள்ளாகவே சக பேராசிரியர்கள் சிலரின் நடத்தையைப் பற்றி முறையிட நேர்ந்தது. நிறுவனம் அமைத்த விசாரணை அவர் துன்புறுத்தப்பட்டதாகக் கண்டது. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையமும் தலையிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்து இருக்கிறதென்று பெயரில்லாத மின்னஞ்சல் ஒன்று வலம்வந்தது. பட்டத்தைப் பறிக்கத் தேவையில்லை என நிறுவனத்தின் கல்விநெறிக் குழு கருதியும், 2019 மார்ச்சில் ஆட்சிப்பேரவை பட்டத்தைத் திரும்பப் பெறப் பரிந்துரைக்கும் வரை அது போனது.

குற்றச்சாட்டு சுட்டியது முடிவுகளையோ கண்டுபிடிப்பையோ அன்று. முன்னுரை, பின்புலம் ஆகிய பகுதிகளை. ஒரே ஆய்வகத்தில் ஒரே கருவியோடு வேலைசெய்வோர் அந்தக் கருவியின் விவரிப்பையும் அடிப்படைச் சமன்பாடுகளின் விளக்கத்தையும் முந்தையவர் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்தெழுதுவது பொறியியல் துறைகளில் நெடுநாள் பழக்கம். எல்லோரும் செய்யும் அதை எல்லோரிடமும் தோண்டிப்பார்ப்பதில்லை. முறையிட்டவரின் ஆய்வேடுதான் தோண்டப்படும்.

ஆகவே நம் எழுத்தில் அந்தப் பழக்கத்துக்கு இடமே கூடாது. யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை இருந்தால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மீண்டும் அளிக்க வேண்டும். 40க்கு மேல் ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே நீங்கும். விழுக்காட்டை மென்பொருள் சொல்லும். ஆனால் எந்த ஒரு பத்தியும் சொந்தச் சொற்களில் இருக்க வேண்டும் என்பதே நாம் கொள்ள வேண்டிய அளவு. ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் தமிழ்வழி மாணவருக்கு இது கடினம்தான். அதற்கு மாற்று, முதலாண்டிலிருந்தே வாரம் ஒரு பக்கம் எழுதி, துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் காட்டுவது. இறுதியாண்டில் ஆங்கிலம் கற்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் வெளியிடும் இதழ்களின் பக்கமே போகக் கூடாது. நேர்காணலில் அவை வெற்றிடத்தைவிட மோசமாகப் பார்க்கப்படும். அளவீட்டுக் குறிப்பேட்டை நாளிட்டு எழுதி, மூலத்தரவை இரண்டு இடங்களில் சேமித்துவைக்க வேண்டும்.

நேர்காணல் அறை

ஆசிரியர் பணி ஒதுக்கீட்டின் வரலாறு தெரியாமல் விண்ணப்பம் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போன்றது. 2008இல் ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஐ.ஐ.டி.களின் தொழில்நுட்பத் துறைகளில் உதவிப் பேராசிரியர் நிலைக்கு மட்டும் ஒதுக்கீட்டை வகுத்தது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகத்தை அல்லாமல் துறையை அலகாகக் கொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் யு.ஜி.சி. அதன்படி ஆணையிட்டது. சிறிய மாற்றம்போல் தோன்றும். சுழற்சிப் பட்டியலில் பட்டியல் சாதியினரின் முதல் இடம் ஏழாவது, பழங்குடியினருடையது பதினான்காவது. ஐந்து ஆசிரியர் மட்டும் உள்ள துறையில் ஏழாவது இடம் எப்போது வரும்? நாடு முழுவதும் எழுந்த போராட்டத்தின் விளைவாக 2019இல் முதலில் அவசரச் சட்டமும் பின்னர் நாடாளுமன்றச் சட்டமும் வந்து நிறுவனம் முழுவதும் ஓர் அலகு என்றாயின. 15, 7.5, 27 விழுக்காடுகள் எல்லா நிலைகளுக்கும் பொருந்துமாறு அமைந்தன. 2020இல் ஐ.ஐ.டி. இயக்குநர் ஒருவர் தலைமையிலான அரசுக் குழு, இச்சட்டத்திலிருந்து ஐ.ஐ.டி.களுக்கு விலக்களிக்கப் பரிந்துரைத்தது. சட்டம் திருத்தப்படவில்லை. 2021 செப்டம்பரில், தேங்கிய இடங்களை ஓராண்டுக்குள் சிறப்பு முனைப்பில் நிரப்புமாறு ஒன்றிய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் சென்றது.

சட்டம் இடத்தைத் தரும். அறையோ 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று எழுதி அதை மூடிவிடலாம். அந்த வரியை எழுதக் கடினமாக்குவதே விண்ணப்பதாரரின் வேலை. முனைவர் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு அனுபவம், முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பு ஆகியன ஐ.ஐ.டி. உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்கு வழக்கமாகக் கேட்கப்படுபவை. ஆகவே, முதுமுனைவர் ஆய்வு ஏறக்குறையக் கட்டாயம் ஆகிவிட்டது. ஆய்வுத் திட்டம், கற்பிக்கும் திட்டம் இரண்டையும் அந்தந்தத் துறைக்கென்று தனியாக எழுத வேண்டும். கருத்தரங்க உரையில் முதல் பத்து நிமிடத்தைத் துறைக்கு வெளியே உள்ளவரும் புரிந்துகொள்ளுமாறு அமைக்க வேண்டும். வாக்களிப்போரில் பாதிப்பேர் அவர்கள்தாம்.

சான்றிதழ்களில் கவனம் தேவை. ஒன்றிய அரசுப் பணிக்குச் சாதிச் சான்று அதற்குரிய படிவத்தில் இருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்தவரான தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கொள்ளப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். இந்த அநீதியை எதிர்ப்பது ஒருபுறம் இருக்க, விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தைக் குறிப்பது என்பதில் குழப்பம் கூடாது. தவறாகக் குறித்த ஒரு கட்டம் கிடைத்த பணியையும் பறித்துவிடும்.

நம் முதுகலைப் பட்டதாரிகளில் பலர் பணிபுரியும் தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர் ஒதுக்கீடே கிடையாது. உதவிப் பேராசிரியருக்கு ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய் என்பது அங்கே பலருக்கும் பத்திரிகைச் செய்தி மட்டுமே. மூலச்சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வழக்கமும் பரவலானது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம், ஒரே ஆசிரியர் ஒரே காலத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்ட மோசடியை வெளிக்கொணர்ந்தது. அத்தகையோர் 353 பேர் என்றது. போலிப் பெயர் ஒவ்வொன்றும் வேலை கிடைக்காமல் நின்ற ஒருவரின் இடம். அந்த வரிசையில் நம்மவர் எத்தனை பேர் நின்றிருப்பர் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

மணிக்கணக்கு

பணியில் சேர்ந்த பின் 'சமநிலை' என்ற சொல் வருகிறது. நூல்கள் அதை உடற்பயிற்சி, உறக்கம், குடும்பம் என்று விளக்கும். அவை வேண்டியவையே. ஆனால் தலித் ஆசிரியரின் நேரத்தைத் தின்பது வேறொன்று. ஒதுக்கீட்டுப் பிரிவினர் விண்ணப்பித்துள்ள நேர்காணல் குழுக்களில் அப்பிரிவைச் சேர்ந்த உறுப்பினர் இடம்பெற வேண்டும் என்பது விதி. நல்ல விதி. நிறுவனத்தில் இருப்பவர் ஒரே ஒருவர் என்றால், எல்லாக் குழுக்களுக்கும் அவரே போக வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி நலப்பிரிவு அவர் பொறுப்பு. விடுதிக் காப்பாளர் பணி வந்தால் அவர். விசாரணைக் குழுவுக்கு 'நம்பகத்தன்மை' தேவைப்பட்டால் அவர். மாலையில் அறைக் கதவைத் தட்டி அழும் மாணவருக்கும் அவரே துணை. பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் இதில் எதற்கும் பெரிய மதிப்பில்லை. உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் பணி வாரம் 16 மணி. புதிய பாடமெனில் வகுப்பு ஒன்றுக்கு மூன்று மணியாவது ஆயத்தம். மீதி நேரத்தைக் குழுக்கள் விழுங்கினால் ஐந்தாண்டு கழித்து 'ஆய்வு போதாது' என்று அதே நிறுவனம் சொல்லும்.

எனவே முதல் மூன்றாண்டில் இப்பொறுப்புகளில் இரண்டுக்கு மேல் ஏற்க வேண்டாம் என்பதே நம் கருத்து. மறுப்பை வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் தர வேண்டும். ஏற்பதாயின் ஆணையை எழுத்தில் பெற்று, அதற்கு ஈடாகக் கற்பித்தல் பணியைக் குறைக்கக் கேட்க வேண்டும். மூன்றாண்டும் ஒரே பாடத்தை எடுக்கக் கேட்பதும் முறையான கோரிக்கையே. ஆயத்த நேரம் பாதியாகும். மாணவருக்கான நேரத்தை மட்டும் விட்டுவிடாமல், வாரத்தில் ஒரு மாலை என்று வரையறுத்துக்கொள்ளலாம். சமூகக் கடமையிலிருந்து ஒதுங்கச் சொல்கிறோமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். பதவி உறுதியான பேராசிரியர் ஒருவரால் ஆகும் நன்மை, களைத்து வெளியேறிய ஐந்து உதவிப் பேராசிரியர்களால் ஆகாது என்பதே நம் விடை.

அம்பேத்கர் 1918இல் மும்பை சிடனம் கல்லூரியில் பேராசிரியரானபோது, ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையில் அவர் நீரருந்துவதைச் சக ஆசிரியர்கள் எதிர்த்தனர். அவர் அங்கே இருந்தது இரண்டாண்டு அளவே. ஊதியத்தில் மிச்சம்பிடித்து 1920இல் இலண்டனுக்குத் திரும்பி, விட்டுவந்த படிப்பை முடித்தார். அந்த வேலை தமக்கு எதற்காக என்பதில் அவருக்குத் தெளிவிருந்தது.

பெண் ஆய்வாளர்களுக்கு யு.ஜி.சி. விதிகள் கூடுதலாக இரண்டாண்டுக் காலமும், ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் வழங்குகின்றன. இதைப் பேச்சில் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். விதியைச் சுட்டி மனுவாகத் தர வேண்டும். உடலோ மனமோ தாங்காதபோது பதிவை ஒரு பருவம் நிறுத்திவைக்கவும், முதுகலைப் பட்டத்தோடு வெளியேறவும் பல நிறுவனங்களில் வழியுண்டு. அவ்வாறு வெளியேறுவதில் இழிவு ஏதுமில்லை.

மாணவர் வட்டங்கள் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். நேர்காணலுக்குச் சென்று வந்தவர் அன்றிரவே ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும்: எந்தத் துறை, எத்தனை நிமிடம், என்னென்ன கேள்வி, ஒதுக்கீடு பற்றி யாரேனும் குறிப்பிட்டார்களா, எத்தனை பேரை அழைத்தார்கள், எத்தனை இடம் நிரம்பிற்று. முடிவு வந்தபின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு ஒன்றை அனுப்பித் தம் மதிப்பெண்ணையும் சுழற்சிப் பதிவேட்டின் படியையும் கேட்க வேண்டும்; முப்பது நாளுக்குள் விடையளிக்க நிறுவனம் கடமைப்பட்டது. அந்தத் தாளும் விடையும் ஒரே கோப்பில் சேர வேண்டும். அடுத்து விண்ணப்பிக்கும் தோழர் முதலில் திறப்பது அக்கோப்பாக இருக்கட்டும்.